பதினாறு பூவும் ஒரு மொட்டும்

“ஆடி 28. முகையூர். பொண்ணு. வலக்கை.”

தீப்பெட்டி அட்டையைப் பாதியாகக் கிழித்து, அதன் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பு இது. அட்டையின் மூலையில் ஒரு துளை. துளையில் பழுப்பேறிய பருத்தி நூல் ஒன்று முடிச்சிடப்பட்டிருக்கிறது. அட்டையைத் திருப்பினால், தீப்பெட்டிப் படத்தின் மேலேயே நீல மையில் இன்னொரு வரி, அதே கையெழுத்தில், ஆனால் அழுத்தி எழுதியது: “நூல் நனைஞ்சிடுச்சி. இனிமே கம்பிதான்.”

ஆண்டு இல்லை. அண்ணன் நாள் எழுதுவார், மாதம் எழுதுவார், ஆண்டு எழுத மாட்டார். ஒருமுறை இதைச் சொல்லிக் குறைப்பட்டபோது, “இது எந்த வருசம்னு எனக்குத் தெரியாதா?” என்று கேட்டார். அவருக்குத் தெரிந்திருந்தது. இப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைவதை ஒட்டி வெளியிடும் இம்மலரில் அவரது வாழ்க்கையை எழுதும் பொறுப்பைக் குடும்பத்தார் என்னிடம் தந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் விழுப்புரத்தில் நூலகப் பணி செய்தவள் என்பதாலும், வீட்டில் எந்தக் குழந்தைக்கு எந்தக் கிழமையில் பல் முளைத்தது என்பதைக்கூடக் குறித்து வைப்பவள் என்பதாலும் இந்த வேலை எனக்கு வந்திருக்கும். தெரிந்ததைத் தெரிந்ததாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்து எழுத முயன்றிருக்கிறேன். பிழை இருந்தால் உறவினர்கள் திருத்த வேண்டுகிறேன்.

அண்ணன் விழுப்புரத்தில், ரயில் நிலையத்துக்குக் கிழக்கே இருந்த எங்கள் வாடகை வீட்டில், பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் பிறந்தார். உத்திரத்தன்றே பிறந்தார் என்று சில உறவினர் சொல்வதுண்டு. அம்மா என்னிடம் மறுநாள் என்றுதான் சொன்னார். எங்கள் அப்பாவும் நகை வேலை செய்தவர். அப்பா காலமானபோது அண்ணனுக்கு வயது பத்தொன்பது, எனக்கு எட்டு. அண்ணன் புதுச்சேரியில் ஒரு பட்டறையில் கூலிக்கு வேலை பார்த்து, சனிக்கிழமை மாலை வண்டியில் வீட்டுக்கு வந்து, திங்கள் அதிகாலை திரும்பிப் போவார். அப்படி ஆறு ஆண்டுகள். நான் பள்ளி இறுதி முடித்ததும் போதும் என்றவர்களிடம் அண்ணன் வாதாடவில்லை. கல்லூரி விண்ணப்பத்தை வாங்கி வந்து என் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அந்த விண்ணப்பம் இல்லையென்றால் நான் நூலகர் ஆகியிருக்க மாட்டேன். இந்தக் கட்டுரையும் இருந்திருக்காது.

அண்ணியின் ஊர் திண்டிவனம். திருமணமாகி ஓர் ஆண்டுக்குள் அண்ணனும் அங்கேயே போய்த் தனிப்பட்டறை வைத்தார். முன்னறையில் பட்டறை, பின்னால் வீடு. கடைசி வரை அதே இடம்தான். இன்று அங்கே அவர் மகன் சரவணன் இரண்டு ஆட்களுடன் வேலை செய்கிறான்.

அண்ணன் அதிகம் பேசமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். நகையைப் பற்றவைக்கும்போது ஊதுகுழல் வாயிலேயே இருக்கும். கன்னங்களைப் புடைத்து, மூச்சை மூக்கால் இழுத்து வாயால் விட்டு, சுடர் அறுபடாமல் ஊதிக்கொண்டே இருப்பார். அண்ணி சொல்வார்: “அந்த வாய் ஊதறதுக்கு மட்டும்தான். பேசறதுக்கு அவருக்கு வேற வாய் வாங்கணும்.” ஆனால் குழந்தைகளுக்குக் காது குத்தும்போது மட்டும் அண்ணன் வாய் திறப்பார். குழந்தையை மாமன் மடியில் உட்கார வைத்து, கண்ணைப் பார்த்தபடி ரயில் நிலையங்களின் பெயரைச் சொல்லத் தொடங்குவார்: “திண்டிவனம்… மயிலம்… பேரணி…” குழந்தை அடுத்த பெயருக்காக வாயைப் பார்க்கும். “விக்கிரவாண்டி” என்னும்போது ஊசி போய் வந்திருக்கும். முண்டியம்பாக்கத்தில் குழந்தை அழும். விழுப்புரத்தில் வாயில் சர்க்கரை. இம்மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் விக்கிரவாண்டியில் குத்தப்பட்டவர்கள் என்று எண்ண ஆசைப்பட்டேன். முடியவில்லை.

வெள்ளி வேலையிலும் அவருக்கு நல்ல பெயர். மண்டகப்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்து அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் செய்துகொடுத்தார். சாத்திப் பார்த்த ஊர்ப் பெரியவர் ஒருவர், “இன்னா பத்தரே, ஆத்தாவோட எடது கண்ணு பம்புசெட்டைப் பாக்குது?” என்று கேட்டுவிட்டார். கூட்டம் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து இடக்கண்ணைக் கழற்றி, விழியைச் சற்றே நகர்த்திச் செதுக்கி, மீண்டும் சாத்தச் சொன்னார். “இப்ப?” என்றார். “இப்ப என்னைப் பாக்குது” என்று பெரியவர் இரண்டடி பின்னால் போனாராம். இதை எனக்குச் சொன்னது அந்தப் பெரியவரின் மகன்.

திண்டிவனத்தில் விரல் வீங்கி மோதிரம் இறுகியவர்கள் அண்ணனைத் தேடித்தான் வருவார்கள். பிரசவத்துக்கு வந்த பெண்களுக்கு இது அடிக்கடி நேரும் என்பதால், மருத்துவமனைச் செவிலியர்களும் ஆள் அனுப்புவார்கள். மெல்லிய வாளை எடுத்துக்கொண்டு போய், தோலில் கீறல் படாமல் மோதிரத்தை அறுத்து எடுப்பார். காசு வாங்கமாட்டார். “அறுத்ததை ஒட்டித் தரும்போது வாங்கிக்கறேன்” என்பார். ஒட்டித் தரும்போதும் பாதிப் பேரிடம் வாங்கியதில்லை.

இனி, பலர் என்னிடம் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

இம்மலரின் அட்டைப்படத்தில் அண்ணனின் இடக்காதில் சிவப்புக்கல் கடுக்கன் இருக்கிறது. வலக்காதில் இல்லை. அச்சுப்பிழை அல்ல. அண்ணன் தம் வாழ்நாளில் பாதிக்கு மேல் ஒற்றைக் கடுக்கனோடுதான் இருந்தார். அந்த ஜோடிக் கடுக்கன் அண்ணியின் அப்பா மாப்பிள்ளைக்குப் போட்டது. அப்போதே அது பழைய வழக்கம் என்று சிலர் சிரித்தார்கள். மாமனார் கேட்கவில்லை, தம் அப்பா போட்டிருந்ததை அழித்துச் செய்யாமல் அப்படியே போட்டார். திருமணமான ஆறேழு ஆண்டுகளில் ஒன்று காணாமல் போயிற்று. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் மாமனார் காலமாகியிருந்தார். அண்ணிக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அண்ணியும் அண்ணனும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

“ஏங்க, எங்கப்பா போட்ட கடுக்கன் எங்க?”

“எங்கியோ இருக்குது. நல்லாத்தான் இருக்குது.”

“அது இன்னா ஊருக்கா போயிருக்குது, நல்லாத்தான் இருக்குதுன்னு சேதி சொல்றீங்க? லெட்டர் போட்டுச்சா?”

அண்ணன் ஊதுகுழலை வாயில் வைத்துக்கொள்வார்.

தொடக்கத்தில் அண்ணி அழுதிருக்கிறார். பிறகு கோபப்பட்டார். விக்கிரவாண்டியில் சீட்டாட்டத்தில் வைத்துத் தோற்றுவிட்டார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பியது என்பது எனக்குத் தெரியும், எழுதப்போவதில்லை. அண்ணன் சீட்டைத் தொட்டு நான் பார்த்ததில்லை, ஆனாலும் அவர் அந்தப் பேச்சை மறுக்கவில்லை. கடைசியில் அண்ணி கேலிக்கு வந்து சேர்ந்தார். “ஒத்தக் காதுக்காரரு வந்துட்டாரு, சோத்தைப் போடு” என்பார். வீட்டில் சிரிப்போம். கேலிக்கு அடியில் கேள்வி அப்படியே இருந்தது. தம் அப்பாவின் பொருளை இவர் மதித்தாரா இல்லையா என்பதுதான் அண்ணியின் கேள்வி. நாற்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக அது அவரிடம் இருந்தது.

சென்ற ஆண்டு ஐப்பசியில் அண்ணனுக்குச் சிறுநீரகக் கோளாறு முற்றிக் கை கால் வீங்கியது. அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். ஸ்கேன் எடுக்கும் முன் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது என்று ஒரு செவிலியர் பெண் இடக்காதுக் கடுக்கனைக் கழற்றினார். “தாத்தா, இன்னொண்ணு எங்க?” என்று கேட்டார். “நல்லா இருக்குதும்மா” என்றார் அண்ணன். நான் பக்கத்தில் நின்றேன். அண்ணி கடுக்கனை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். கார்த்திகை ஒன்பதாம் நாள் காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு அண்ணன் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது எழுபத்து நான்கு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவினர் சாப்பிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த வேளையில், அறுபது வயதை ஒட்டிய ஓர் அம்மாள் வாசலில் வந்து நின்றார். எங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. கையில் தேங்காய் பழம் வைத்த பை. முகையூரிலிருந்து வருவதாகவும், பெயர் பூங்காவனம் என்றும் சொன்னார். பேருந்து நிலையத்தில் ஒட்டியிருந்த அஞ்சலிச் சுவரொட்டியில் படத்தைப் பார்த்து, முகவரி விசாரித்து வந்திருந்தார். அண்ணியின் எதிரில் தரையில் உட்கார்ந்தார். பிறகு வலக்கையை நீட்டினார்.

“அக்கா, உங்க வூட்டுக்காரரு காதுல இருந்தது என் கையில இருக்குதுக்கா.”

அவர் கையில் பூ வேலை செய்த பொன் வளையல் ஒன்று இருந்தது. அண்ணி அவரைப் பார்த்தார், வளையலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அண்ணனின் மகள் மங்கை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதன் பிறகு பூங்காவனம் அம்மாள் சொன்னதைக் கீழே தருகிறேன். அவர் கண்ணால் கண்டதையும், தம் தாயார் சொல்லக் கேட்டதையும் பிரித்தே எழுதுகிறேன்.

அவர் கண்டது:

“எனக்குக் கல்யாணம் ஆவணியில. ஆடி கடசியில பத்தரு எங்க வூட்டுக்கு வந்து நூல் வெச்சி கை அளவு எடுத்துக்கினு போனாரு. அன்னிக்கு நல்ல மழை. கொடை கூட இல்லாம போனாரு. கல்யாணத்துக்கு மொத நாளு மத்தியானம் வளையலை எடுத்துக்கினு வந்தாரு. எடக்கையில ஏறிடுச்சி. வலக்கையில கட்டை வெரலு முட்டிகிட்ட வந்து நின்னுக்கிச்சி. சோப்பு போட்டு பாத்தாங்க, எண்ணெ போட்டு பாத்தாங்க. எங்க சித்தி, ‘கையை ஒடுக்குடி, கையை ஒடுக்குடி’ன்னு கத்தறா. நான் இன்னா பண்றது, எலும்பைக் கழட்டியா வெக்க முடியும்? பத்தரு மொகம் செத்துப் போச்சி. எங்கம்மா அவரைக் கூட்டிக்கினு தோட்டத்துப் பக்கம் போயிட்டாங்க. சாயங்காலம் பொண்ணு அழைக்க வர்றதுக்கு முன்னாடி வளையலைக் கொண்டாந்து போட்டாங்க. வழுக்கிக்கினு ஏறிடுச்சி. எனக்கு அதான் தெரியும்.”

என்ன நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள அந்தத் தீப்பெட்டி அட்டை உதவுகிறது. நகை வேலை செய்பவர்கள் அந்நாளில் கை அளவைப் பருத்தி நூலில் எடுப்பது வழக்கம். முறுக்கிய பருத்தி நூல் நனைந்தால் சுருங்கும். அண்ணன் மழையில் நனைந்து வந்தபோது சட்டைப் பையிலிருந்த நூலும் நனைந்திருக்கிறது. காய்ந்த பிறகு பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒரு நெல்லின் நீளம்தான் குறைந்திருக்கும். வளையலுக்கு அது போதும்; சற்றுச் சிறிய இடக்கையில் ஏறியது, வலக்கையில் நின்றுவிட்டது. வெட்டு வேலைப்பாடு இல்லாத வளையலாக இருந்தால் உருளையில் மாட்டித் தட்டி விரித்துவிடலாம். பூ வெட்டிய வளையலைத் தட்டினால் பூ எல்லாம் நசுங்கிவிடும். அறுத்து, இடையில் துண்டு வைத்து ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்று சரவணன் சொன்னான்.

பூங்காவனம் அம்மாளின் தாயார் எட்டு ஆண்டுகளுக்கு முன் காலமானார். படுக்கையில் இருந்தபோது மகளிடம் சொன்னவை இவை. பூங்காவனம் அம்மாள் சொன்னபடியே தருகிறேன்:

“எங்க மாமியாரு சகுனம் பாக்கறவங்கக்கா. பொண்ணு பாக்கக் கெளம்பறப்ப பல்லி கத்துச்சின்னு ஒரு மாசம் கழிச்சி வந்தவங்க. எங்கம்மா பத்தருகிட்ட அழுதாங்களாம். ‘பத்தரே, கல்யாணப் பொண்ணுக்கு வளையல் ஏறலன்னு அந்தம்மா காதுல விழுந்தா, பந்தலோட திரும்பிடுவாங்க’ன்னு. பத்தரு, ‘அறுத்து ஒட்டிடறேம்மா, ஒரு நெல்லு அளவுக்குப் பொன்னு வேணும், எங்கிட்ட இப்ப இல்ல’ன்னாராம். எங்கம்மாகிட்ட கழுத்துத் தாலியத் தவுர ஒண்ணுமில்ல, எல்லாத்தையும் எனக்குப் போட்டுட்டாங்க. தாலியில கைய வெச்சாங்களாம். ‘அதைத் தொடாதம்மா’ன்னாராம் பத்தரு. அப்பறம் வலது காதைத் தடவிக்கினே, ‘கொஞ்சம் தணல் கொண்டாம்மா’ன்னாராம்.”

சாம்பிராணி போடும் தூபக்காலில் தணலை அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். ஊதுகுழலும் பற்றவைப்பதற்கான வெங்காரமும் அரமும் அண்ணனின் பையில் எப்போதும் இருக்கும். மாட்டுக் கொட்டகையில், கவிழ்த்து வைத்த ஏர்க்கொழுவின் மேல் வைத்துத் தட்டியிருக்கிறார். வாசலில் மேளம் அடித்ததால் தட்டும் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. வளையலை வாங்கிக்கொண்ட தாயார் கடைசியாக ஒன்று கேட்டிருக்கிறார்.

“‘கல்யாணப் பொண்ணு வளையலை அறுத்தோம்னு ஒரு ஆளுக்கும் தெரியக் கூடாது பத்தரே. உங்க வூட்லகூட சொல்லிடாதீங்க. வாயிலிருந்து வந்தா ஊர் பூரா போயிடும். எம்பொண்ணு வாழணும்.’ ‘சொல்லமாட்டேம்மா’ன்னாராம். அவ்ளோதான்க்கா. அந்தக் கடுக்கனுக்கு எங்கம்மா பின்னால காசு குடுக்கப் போனப்ப, ‘தப்பு என்னுது, நூலு நனைஞ்சது எங்கையில’ன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாராம்.”

மங்கைதான் முதலில் வளையலுக்குப் பக்கத்தில் குனிந்தாள். பூங்காவனம் அம்மாள் இரண்டு கைகளையும் நீட்டினார். இடக்கை வளையலில் பதினாறு பூக்கள். வலக்கை வளையலில் பதினாறு பூக்களும், இரண்டு பூக்களுக்கு இடையில் ஒரு மொட்டும். துண்டு வைத்த இடம் தெரியாமல் இருக்க அதன்மேல் மொட்டு ஒன்றைச் செதுக்கியிருக்கிறார். பூக்களைவிட மொட்டு சற்றுப் புடைத்திருந்தது. மிச்சப் பொன்னைத் தாம் வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் அதிலேயே போட்டிருப்பார், அதனால்தான் புடைத்திருக்கிறது என்பது சரவணனின் கருத்து.

“முப்பத்தெட்டு வருசமா இதைக் கழட்டுனதில்லக்கா. பக்கத்து வூட்டுக்காரி, ‘இன்னாடி ஒரு கையில பூ, ஒரு கையில மொட்டு’ன்னு கேப்பா. ‘எம்பத்தரு எனக்கு ஒண்ணு சேத்துப் போட்டாரு’ம்பேன். எங்கம்மா சொன்ன அன்னிக்கித்தான் அது இன்னான்னு எனக்கே தெரிஞ்சிது. அன்னிக்கே வந்திருக்கணும். மாமியாரு அப்ப இருந்தாங்க. அவங்களும் போயி ரெண்டு வருசம் ஆச்சி. இனிமே எவளுக்குப் பயம்? பத்தரைப் பாத்துச் சொல்லணும்னு நெனச்சிக்கினே இருந்தேன். லேட் பண்ணிட்டேன்க்கா.”

அண்ணி அவர் கையைப் பிடித்து, பெருவிரலால் அந்த மொட்டைத் தடவினார். சரவணன் எழுந்து பட்டறைக்குப் போய் உரைகல்லைக் கொண்டுவந்தான். கடுக்கன் பழைய காலத்துப் பொன், செம்பு கொஞ்சம் கூடுதல், நிறம் சிவப்பாக இருக்கும். வளையல் வேறு பொன். மொட்டையும் பூவையும் கல்லில் உரைத்து, அண்ணியின் முந்தானையில் இருக்கும் இடக்காதுக் கடுக்கனையும் உரைத்தால், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

“அம்மா, பாத்துடலாமா?” என்றான்.

நானும் ஆவலாகத்தான் இருந்தேன். ஒப்புக்கொள்கிறேன்.

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். “கல்லை உள்ள வைடா.”

“இல்லம்மா, சும்மா ஒரு கோடு…”

“உள்ள வைன்னு சொல்றேன் இல்ல? அந்த மனுசன்கிட்ட நாப்பது வருசம் ஒரே கேள்வியக் கேட்டேன். ஒரே பதிலச் சொன்னாரு. இப்பதான் அந்தப் பதிலு எனக்கு வெளங்குது. இதுல கோடு இழுத்து இன்னொருவாட்டி கேக்கச் சொல்றியா?” பிறகு பூங்காவனம் அம்மாளின் கையைத் தட்டிக்கொடுத்து, “நல்லாத்தான் இருக்குது” என்றார். சொல்லிவிட்டு அழுதார். பதினாறு நாட்களில் அண்ணி வாய்விட்டு அழுததை நான் அன்றுதான் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பொய்யாவது சொல்லியிருக்கலாம் இல்ல, தொலைஞ்சி போச்சின்னு? ஒரே நாள்ல விட்டிருப்பேன். பேஜாரு புடிச்ச மனுசன்” என்றார். பூங்காவனம் அம்மாள் சிரித்துவிட்டார். அண்ணியும் சிரித்தார். அன்று இருவரும் ஒரே இலைக்கட்டிலிருந்து இலை போட்டுச் சாப்பிட்டார்கள்.

அந்தத் தீப்பெட்டி அட்டையை நான் கண்டது அதற்கு இரண்டு மாதம் கழித்து, தை மாதத்தில். அண்ணன் வாடிக்கையாளர்களின் அளவுகளையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். ஒவ்வோர் அளவும் ஓர் அட்டைத் துண்டோடு கட்டப்பட்டிருக்கும். இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு அவற்றை ஒழுங்குபடுத்தினேன். முகையூர் அட்டை வரை எல்லாம் நூல். அதன் பிறகு ஒன்றுகூட நூல் இல்லை, எல்லாம் மெல்லிய பித்தளைக் கம்பி. மங்கையின் முதல் அரைஞாண் அளவு நூலில் இருக்கிறது. சரவணனுடையது கம்பியில் இருக்கிறது. மங்கையின் முதல் பிறந்தநாள் புகைப்படத்தில் அண்ணனுக்கு இரண்டு காதிலும் கடுக்கன் உண்டு. சரவணனுக்கு மொட்டை போட்ட படத்தில் ஒன்றுதான். இருவருக்கும் நான்கு வயது வித்தியாசம். ஆக, அந்த ஆடி 28 இந்த நான்கு ஆண்டுகளுக்குள் ஒன்றில் வருகிறது. பூங்காவனம் அம்மாள் சொல்லும் முப்பத்தெட்டு ஆண்டுக் கணக்கும் அதற்குள் அடங்குகிறது.

பெட்டியின் அடியில், மடித்த காகிதத்தில், ஒரு சிறிய சிவப்புக்கல்லும் இருந்தது. கடுக்கனின் கல் என்று நான் ஓடிப்போய்ச் சரவணனிடம் காட்டினேன். அவன் மேசையின் இழுப்பறையைத் திறந்து, “அத்தை, இந்த மாதிரி பத்து கல்லு இங்க கெடக்குது. எது யாருதுன்னு எப்படிச் சொல்றது?” என்றான். நியாயமான பேச்சு. அதைச் சான்றாகக் கொள்ள முடியவில்லை.

அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெண்களின் கை அளவோ, குழந்தைகளின் இடுப்பு அளவோ அதில் இருக்கலாம். திண்டிவனம் பட்டறையில் வந்து பார்த்து, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். ஆண்டு தெரிந்தவர்கள் அட்டையில் எழுதிவிட்டு எடுத்துச் சென்றால் எனக்கு உதவியாக இருக்கும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். மருத்துவமனையில் பதினொரு நாட்கள் அண்ணனை “தாத்தா” என்றே அழைத்துக் கவனித்துக்கொண்ட செவிலியர் பெண்ணுக்கும், மருத்துவர்களுக்கும் எங்கள் வணக்கம். இறுதி ஊர்வலத்தன்று கடைகளைச் சாத்திவிட்டு உடன் வந்த திண்டிவனத்து நகைப் பட்டறைத் தோழர்களுக்கும், மழையிலும் நின்று சமைத்துப் போட்ட பக்கத்து வீட்டாருக்கும், விழுப்புரத்திலிருந்து வண்டி அமர்த்தி வந்த பழைய அண்டை வீட்டாருக்கும், இம்மலரின் பிழைகளைத் திருத்தித் தந்த நூலக நண்பர்களுக்கும் குடும்பத்தார் சார்பில் நன்றி. அண்ணனிடம் காது குத்திக்கொண்டு, இன்று தம் பேரப்பிள்ளைகளைச் சரவணனிடம் அழைத்து வருகிறவர்களுக்குத் தனி நன்றி. சரவணனும் விக்கிரவாண்டியில்தான் குத்துகிறான்.

முகையூர் பூங்காவனம் அம்மாளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. கட்டுரையில் இதை எழுதலாமா என்று கேட்டு ஆள் அனுப்பினேன். “எழுதச் சொல்லுங்க. பேரையும் போடச் சொல்லுங்க” என்று பதில் வந்தது. கூடவே, அண்ணிக்கு ஒரு மரக்கால் மல்லாட்டையும் (வேர்க்கடலை) வந்தது. அதன் பிறகு மாதம் ஒருமுறை இருவரும் தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்கள். அண்ணி முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: “கையில இருக்குது இல்ல?”

சரிபார்க்காத ஒன்றைச் சரிபார்க்காததாகவே சொல்லி முடிக்கிறேன். பூங்காவனம் அம்மாளின் வலக்கை வளையலில் உள்ள மொட்டு அண்ணனின் வலக்காதுக் கடுக்கனால் செய்யப்பட்டது என்பது, இன்று இல்லாத ஒருவர் தம் மகளிடம் சொல்லி, அந்த மகள் எங்களிடம் சொன்ன செய்தி. படிக்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது மொட்டு பூக்களைவிடச் சற்றுச் சிவந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. இல்லை, ஒரே நிறம்தான் என்கிறாள் மங்கை. உரைகல் பட்டறையில் இருக்கிறது. இடக்காதுக் கடுக்கன் அண்ணியிடம் இருக்கிறது. இன்று வரை உரைத்துப் பார்க்கவில்லை.